அச்சச் சுவையும் கேட்போரும்: ‘நார்த்தாங்கர் ஆபி’யின் நூற்பட்டியல்

1

கதை படிப்போர் தாம் படிக்கும் கதையைப் பற்றிப் பிறரிடம் பேசுவது யாண்டும் காணும் வழக்கம். ‘இப்பொழுது என்ன படிக்கின்றாய்?’ என ஒருவர் வினவுதலும், மற்றவர் நூற்பெயர் கூறி, எந்த இடம் வரையிற் படித்திருக்கின்றார் என்பதையும், எந்த இடத்தில் நெஞ்சம் துணுக்குற்றது என்பதையும் உரைத்தலும், அடுத்துப் படிக்கத்தக்க நூல்களை எடுத்துரைத்தலும் அவ்வழக்கத்தின் கூறுகள். திறனாய்வாளர் பலர் இதனை இலக்கியத்திற்குப் புறத்தே நிகழும் வெறும் பேச்சாகக் கருதி ஒதுக்கிவிடுவர். பிற இலக்கிய வகைகளுக்கு இஃது ஒருவாறு பொருந்தினும் பொருந்தலாம். அச்சத்தையே தலைமைச் சுவையாகக் கொண்ட கதைகளுக்கு இது பொருந்தாது என்பதே நம் கருத்து. அத்தகைய கதைகளில், படித்ததைப் பிறர்க்கு உரைத்தல் சுவை நிறைவுறும் இடமாக நிற்கின்றது. இதனை ஜேன் ஆஸ்டின் இயற்றிய ‘நார்த்தாங்கர் ஆபி’ என்னும் ஆங்கில நாவலைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நாம் கைக்கொள்ளும் கருவி தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த ஆசிரியர், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றார். அணங்கு ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தமக்கு இறையாயினார் ஒன்று. இறை என்பதனுள் அரசனையேயன்றித் தந்தையையும் ஆசிரியனையும் உரையாசிரியர் அடக்குவர். மெய்ப்பாடு என்னும் சொல்லும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒருவர் உள்ளத்தே நிகழ்ந்தது உடம்பின்வழி வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. ஆகவே காண்போர் ஒருவர் இன்றி மெய்ப்பாடு நிறைவுறாது. தனியறையில் நள்ளிரவில் ஒருவர் ஒரு கதையைப் படித்து நடுங்கினார் எனின், அந்நடுக்கம் மறுநாள் பிறரொருவருக்கு உரைக்கப்படும்பொழுதே மெய்ப்பாட்டின் முழுமையை எய்துகின்றது.

தமிழிலக்கணத்தைக் கொண்டு ஆங்கில நாவலை அளத்தல் முறையோ எனின், ஆஸ்டின் இவ்விலக்கணத்தை அறிந்து எழுதினார் என யாம் கூற வந்தோமல்லேம். அச்சம் மக்கட்கெல்லாம் பொதுவாதலின், அதனை வகுத்துக் காட்டிய நூல் எதுவாயினும் அது பிறமொழி நூலுக்கும் விளக்காகலாம் என்ற அளவிலேயே அதனைப் பயன்படுத்துகின்றோம். இவ்விளக்கின் ஒளியில், அந்நாவலைப் பற்றி நிலைபெற்றுள்ள கருத்தொன்று திருத்தம் பெறவேண்டியதாகின்றது.

2

முதற்கண் நாவலின் வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. 1798, 1799 ஆம் ஆண்டுகளில் ‘சூசன்’ என்னும் பெயரால் உருப்பெற்ற இந்நாவல், 1803இல் ஒரு பதிப்பகத்தாருக்குப் பத்துப் பவுனுக்கு விற்கப்பட்டும் அச்சேறாது கிடந்தது. 1816இல் அதே விலைக்கு மீட்கப்பட்டது. 1817 ஜூலையில் ஆஸ்டின் மறைந்தபின், அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. முகப்பில் 1818 என்னும் ஆண்டே பொறிக்கப்பட்டது. கதை உருவான 1790களோ, ‘கோதிக்’ நாவல்கள் என வரலாற்றாசிரியர் வழங்கும் அச்சக்கதைகள் இங்கிலாந்தில் பெருகிய காலம். ஆன் ராட்கிளிப் அம்மையாரின் ‘உடால்போ மருமங்கள்’ 1794இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. லண்டனில் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நிறுவிய மினெர்வா அச்சகம் இத்தகைய நூல்களை அடுத்தடுத்து வெளியிட்டது. கட்டண நூல்நிலையங்கள் அவற்றை ஊர்தோறும் கொண்டு சென்றன. ஒரு குடும்பம் விலைகொடுத்து வாங்க இயலாத நான்கு தொகுதி நாவலைச் சந்தா செலுத்திய பலரும் மாறி மாறிப் படித்தனர். இவ்வாறு ஒரே நூல் பல கைகளிற் புழங்கியதால், அந்நூலைப் பற்றிய பேச்சும் உடன் புழங்கியது.

ஆஸ்டினின் இல்லம் இதற்கு விலக்கன்று. 1798 அக்டோபர் 24 அன்று டார்ட்போர்டு என்னும் ஊரின் விடுதியிலிருந்து தமக்கை கசாந்திராவுக்கு எழுதிய கடிதத்தில், தந்தையார் நூல்நிலையத்திலிருந்து பெற்ற ‘நள்ளிரவு மணி’யைப் படித்துக்கொண்டிருக்கின்றார் என்றும், தாயார் தீயருகே அமர்ந்திருக்கின்றார் என்றும் குறித்துள்ளார். பிரான்சிஸ் லேதம் எழுதிய அச்சக்கதை அது, அவ்வாண்டே வெளிவந்தது. தந்தையாரோ அறுபது வயதைக் கடந்த திருச்சபைக் குரு. அதே ஆண்டு டிசம்பரில் எழுதிய மற்றொரு கடிதத்தில், தம் குடும்பத்தார் நாவல்களைப் பெரிதும் விரும்பிப் படிப்பவர் என்றும், அதற்கு நாணுபவரல்லர் என்றும் கூறுகின்றார். யார் எதைப் படிக்கின்றார் என்பது தொலைவிலுள்ள தமக்கைக்கு அறிவிக்கத்தக்க இல்லச் செய்தியாக அங்கே விளங்கிற்று. அக்கடிதம் எழுதப்பெற்ற காலமே நாவல் உருவாகிய காலமுமாம்.

நாவலின் ஆறாம் இயலில் இப்பேச்சுக் கலையுருப் பெறுகின்றது. பதினேழு வயதுடைய காத்தரின் மார்லண்டு, பாத் நகரின் ஊற்றுநீர் மண்டபத்தில் தன் புதுத் தோழி இசபெல்லா தார்ப்பைச் சந்திக்கின்றாள். எழுந்தது முதல் ‘உடால்போ’வையே படித்துக் கருந்திரை வரும் இடத்தை எட்டியிருப்பதாகக் கூறுகின்றாள். திரைக்குப் பின்னால் இருப்பது யாதென இசபெல்லா அறிவாள். ஆயினும் சொல்ல மறுக்கின்றாள். காத்தரினும் அதனைச் சொல்லலாகாது எனத் தடுக்கின்றாள். எலும்புக்கூடாகத்தான் இருத்தல் வேண்டும் என ஊகிக்கின்றாள். அது மெழுகுப் பாவையே என்பதை ராட்கிளிப் இறுதித் தொகுதியிலேயே வெளியிடுவார். நூலின் பெயரைச் சொல்லலாம், நடுக்கத்தைச் சொல்லலாம், மறைபொருளை மட்டும் சொல்லலாகாது என்ற நெறியொன்று அவ்விருவரிடையே நிலவுதல் காண்க. வாசகர் கூட்டம் தானே வகுத்துக்கொண்ட இலக்கணம் இது. அச்சக்கதை விரும்புவோர் இன்றும் இதனைப் போற்றுகின்றனர்.

அடுத்து இசபெல்லா தன் குறிப்பேட்டிலிருந்து ஏழு நூல்களின் பெயரைப் படிக்கின்றாள்: ‘வுல்பன்பாக் கோட்டை’, ‘கிளர்மாண்ட்’, ‘மரும எச்சரிக்கைகள்’, ‘கருங்காட்டு மந்திரவாதி’, ‘நள்ளிரவு மணி’, ‘ரைன் நதிக்கரை அனாதை’, ‘கொடிய மருமங்கள்’. இவை யாவும் உறுதியாக அச்சந் தருவனவோ என்பதே காத்தரினின் கவலை. ஐயமே இல்லை, ஏனெனில் மிஸ் ஆண்ட்ரூஸ் என்னும் தோழி அவை அனைத்தையும் படித்திருக்கின்றாள் என்பது இசபெல்லாவின் விடை.

3

இந்நாவல் அச்சக்கதைகளையும் அவற்றின் வாசகரையும் எள்ளி நகையாட எழுந்தது என்பது பலரும் கூறும் கருத்து. எள்ளல் இருப்பது உண்மையே. அதனை மறுப்பார் இலர். ஆயின் எள்ளல் யார்மேற் செல்கின்றது என வினவுதல் வேண்டும். நூல்களைப் பற்றி மாந்தர் பேசும் முறையை ஒப்பிட்டு நோக்கின், ஆசிரியரின் கருத்துத் தெளிவாகும்.

இசபெல்லா பட்டியல் தருகின்றாள். ஆயின் அதன் நூல்களைத் தான் படித்ததாக அவள் கூறவில்லை. படித்தவள் மிஸ் ஆண்ட்ரூஸ். அவளோ நாவலில் ஓரிடத்தும் நேரே தோன்றாதவள். இரவல் பெற்ற சுவையைத் தன் சுவைபோல் வழங்குகின்றாள் இசபெல்லா. சிறிது நேரத்தில் அவள் பேச்சு தொப்பிக்கும் இளைஞருக்கும் தாவிவிடுகின்றது. அவள் தமையன் ஜான் தார்ப் இதனினும் கீழ்ப்பட்டவன். நாவல் படிப்பதே இல்லை எனச் செருக்குடன் கூறுகின்றான். படிப்பதாயின் ராட்கிளிப் அம்மையார் நூலையே படிப்பானாம். ‘உடால்போ’வும் அவ்வம்மையார் இயற்றியதே என்பதைக் காத்தரின் எடுத்துக்காட்ட வேண்டியதாகின்றது.

இவ்விருவர்க்கும் எதிரே நிற்பவன் ஹென்றி டில்னி. ஆடவர் நாவல் படியார் என எண்ணித் தயங்கிய காத்தரினிடம், ‘உடால்போ’வை எடுத்தபின் கீழே வைக்க இயலவில்லை என்றும், இரண்டு நாளில் முடித்ததாகவும், முடிக்குமளவும் மயிர் சிலிர்த்தே இருந்ததாகவும் அவன் கூறுகின்றான். மயிர் சிலிர்த்தல் என்பது அச்சத்தின் மெய்க்குறி. தன் உடம்பில் நிகழ்ந்ததைக் கூசாது கேட்போர்முன் வைக்கின்றான். தங்கை எலினார் இன்னுமொன்று கூறுகின்றாள்: அந்நூலை அவளுக்கு வாய்விட்டுப் படிப்பதாக வாக்களித்திருந்தவன், கடிதமொன்றுக்கு விடையெழுத அவள் ஐந்து நிமிடம் அகன்ற பொழுது, நூலை எடுத்துக்கொண்டு தோட்டத்து நடைபாதைக்கு ஓடிவிட்டானாம். பகிர்வதாகச் சொன்ன வாக்கை அவன் மீறியது உண்மை. ஆயினும் அம்மீறலையும் அனைவரும் கேட்க ஒப்புக்கொண்டு நகைக்கும் நேர்மை அவனிடம் உண்டு.

ஆகவே எள்ளப்படுவது அச்சக்கதை படித்தலன்று. அதைப் பற்றி வாய்மையின்றிப் பேசுதலே எனத் துணியலாம். கதைப்போக்கும் இத்துணிபுக்கு அரணாகின்றது. படியாத நூலைப் பரிந்துரைத்த இசபெல்லா, காத்தரினின் தமையனுக்கு அளித்த மணவாக்கையும் காப்பாற்றவில்லை. படித்ததைப் பற்றிப் பொய் பேசிய ஜான் தார்ப், காத்தரின் பெருஞ்செல்வத்துக்கு உரியவள் என ஜெனரல் டில்னியிடம் முதலிற் புளுகிப் பின் அவள் குடும்பம் வறியது என இழித்துரைக்கின்றான். நூலைப் பற்றிப் பேசும் பேச்சைக் கொண்டே மாந்தரின் பண்பை ஆஸ்டின் முன்கூட்டி அளந்து காட்டிவிடுகின்றார்.

4

இனி, காத்தரின் ஆபியில் அடையும் மயக்கம் ஆராயத்தக்கது. அச்சக்கதை படித்தமையால் அறிவு திரிந்தாள் என்பதே பொதுவழக்கு. அவ்வாறாயின், பாத் நகரில் மழைநாட்களில் இசபெல்லாவுடன் அறைக்குள் அமர்ந்து கதை படித்த காலத்தில் அத்திரிபு நேராமை என்னை? அங்கே அச்சம் பேச்சாக வெளிப்பட்டது, இன்பமாக முடிந்தது. ஆபிக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்தது வேறு. வண்டியில் உடன் வந்த ஹென்றி, பழைய மாளிகையில் அவளுக்கு நேரக்கூடிய திகில்களை ஒரு கதையாகப் புனைந்து விளையாட்டாக உரைக்கின்றான். அவள் கேட்கும் ஆர்வத்தைக் கண்டு நகை மிகுந்து, மட்டில்டா என்பவளின் துயரக்கதையை முடிக்காமலே நிறுத்தி, எஞ்சியதை அவளே கற்பனை செய்து கொள்ளுமாறு விடுகின்றான். சொல்லாது விட்ட பகுதியை அவள் தனியே நிறைவு செய்கின்றாள். கருமரப் பேழையில் நள்ளிரவிற் கண்டெடுத்த சுருள், விடிந்தபின் சலவைக் கணக்காகவும் குதிரை மருத்துவன் சீட்டாகவும் முடிகின்றது.

ஜெனரலின் மனைவி இறந்ததைப் பற்றிய ஐயத்தையும் அவள் எவரிடமும் கூறவில்லை. எலினாரையும் தவிர்த்துத் தனியே அவ்வம்மையார் அறைக்குட் செல்கின்றாள். புதுமுறையில் ஒழுங்குசெய்யப்பெற்ற எளிய அறையைக் காண்கின்றாள். மாடிப்படியில் வந்த ஹென்றியிடம் அகப்பட்டு நாணுகின்றாள். கேட்பாரைப் பெற்ற அச்சம் சுவையாயிற்று; கேட்பாரைப் பெறாத அச்சம் மயக்கமாயிற்று. அவளுடைய மயக்கத்துக்குக் காரணம் நூல் என்பதினும் தனிமை என்பதே பொருந்தும்.

அம்மயக்கத்திலும் ஒரு பகுதி உண்மை புதைந்திருந்தது என்பதை நால்வகை நிலைக்களன் புலப்படுத்துகின்றது. கதைகளிற் படித்த அணங்கையும் கொடுந்தொழிற் கள்வரையுமே காத்தரின் ஆபியில் தேடினாள். இரண்டும் அங்கு இல்லை. அவள் கருதாத நான்காவது நிலைக்களன் அங்கே இருந்தது. அது இறை, அதாவது, அவ்வீட்டுத் தலைவனும் மக்களை அடக்கி ஆளும் தந்தையுமாகிய ஜெனரல் டில்னி. காத்தரின் செல்வமற்றவள் என்றறிந்ததும், சனிக்கிழமை இரவு திரும்பிய அவன், மறுநாட் காலை ஏழு மணிக்கே அவள் வெளியேற வேண்டுமென ஆணையிடுகின்றான். எழுபது மைல் வழி. துணைக்கு ஏவலர் இலர். வழிச்செலவுக்குப் பணமும் எலினார் தந்ததே. அந்த இரவிலும் பழைய இரவிற் போலவே காற்று மிக்கு வீசி ஓசைகள் எழுந்தன. அவள் அவற்றைக் கேட்டும் அஞ்சவில்லை என ஆஸ்டின் இரு இரவுகளையும் ஒப்பிடுகின்றார். பொய்யான நிலைக்களன் நீங்கி மெய்யான நிலைக்களன் வந்துற்றமையே காரணம். ஜெனரலைக் கொலைஞன் என ஐயுற்றதால் அவன் இயல்புக்குத் தான் பெரிதும் பிழை செய்துவிடவில்லை என அவள் பின்னர் எண்ணுகின்றாள். அச்சக்கதைகள் அவளுக்கு அஞ்சக் கற்பித்தன; எதற்கு அஞ்சுவது என்பதைக் கற்பிப்பதில் மட்டுமே தவறின. அவ்வாணைக்கு மூலம் நூலைப் பற்றிப் பொய் பேசிய ஜான் தார்ப்பின் வாய்ச்சொல் என்பதையும் சேர்த்து நோக்கின், நாவலின் இரு பகுதிகளும் ஒரு நூலிழையால் பிணிக்கப்பட்டமை விளங்கும். பாத் நகரப் பகுதியும் ஆபிப் பகுதியும் தம்முள் ஒட்டாதன என்று கூறும் குறை இதனால் பெரிதும் நீங்குகின்றது.

5

பட்டியலின் பின்வரலாறும் நம் கருத்துக்குத் துணைசெய்கின்றது. அவ்வேழு நூல்களும் 1793க்கும் 1798க்கும் இடையே வெளிவந்து, படிப்பார் கைகளில் தேய்ந்து, காலப்போக்கில் மறைந்தன. ஆஸ்டினோ நாளுக்கு நாள் புகழ் பெற்றார். விளைவாக, அப்பெயர்கள் அவர் நகைக்காகப் புனைந்தவை என எண்ணுவோரும் இருந்தனர். மைக்கேல் சாட்லியர் என்னும் நூற்சேகரிப்பாளர் அவற்றை மெய்யான நூல்கள் எனக் கண்டு, 1927இல் ‘நார்த்தாங்கர் நாவல்கள்’ பற்றிய கட்டுரையை வெளியிட்டார். எலைசா பார்சன்ஸ் எழுதியவை இரண்டு. ரெஜினா மரியா ரோச், எலினார் சிலீத் ஆகியோர் எழுதியவை ஒவ்வொன்று. ஆகப் பெண்பாலார் படைப்பு நான்கு. லேதத்தின் படைப்பு ஒன்று. எஞ்சிய இரண்டும் ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்க்கப்பட்டவை. இவை அச்சக்கதையின் வெவ்வேறு வகைகட்குச் சான்றாகுமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பதும் சாட்லியரின் கருத்து. அவர் திரட்டிய கோதிக் நூல்தொகுதி இன்று வெர்ஜீனியாப் பல்கலைக்கழக நூல்நிலையத்தில் உள்ளது. ஏழு நாவல்களும் 1968இல் லண்டனில் ஒரு தொகுதியாக மீண்டும் அச்சேறியபொழுது, அவற்றுக்கு முன்னுரை வரைந்தவர், இந்தியாவிற் பிறந்து கனடாவின் டல்ஹௌசிப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த தேவேந்திர பி. வர்மா.

ஆக, இந்நூல்களை மறதியினின்று மீட்டது அவற்றைப் பற்றிய திறனாய்வு நூல் எதுவுமன்று. ஒரு தோழி மற்றொரு தோழிக்குப் படித்துக் காட்டியதாக நாவலிற் பொறிக்கப்பட்ட குறிப்பேட்டுப் பக்கமே அவற்றை மீட்டது. பரிந்துரைத்தவள் வாய்மையிற் குறைந்தவள், பட்டியலோ வாய்மையுடையது. ஏனெனில் அதன் பின்னால் உண்மையாகவே படித்த ஒருத்தி இருந்தாள்.

அமெரிக்காவில் இவ்வழக்கம் அச்சிதழின் பக்கங்களில் இடம்பெற்றது. 1923 மார்ச்சில் தொடங்கப்பெற்ற ‘வியர்டு டேல்ஸ்’ என்னும் அச்சக்கதை இதழ், கழுகின் கூடு எனப் பொருள்படும் பெயரால் வாசகர் கடிதப் பகுதியொன்றை நடத்திற்று. எக்கதை தம்மை நடுக்கியது, எந்த ஆசிரியரை மீண்டும் படிக்க விரும்புகின்றனர் என்பவற்றை வாசகர் அதில் எழுதினர். அவ்விதழின் எழுத்தாளருள் தலையாயவராக இன்று மதிக்கப்பெறும் எச். பி. லவ்கிராப்டின் கடிதமும் அப்பகுதியில் அவ்வாண்டே வெளிவந்தது. அவர், நண்பர் ஒருவர் தம் சிற்றிதழுக்காக வேண்டியதன்பேரில், பல ஆண்டு படித்த அச்சக்கதைகளை வரலாற்று முறையில் மதிப்பிட்டு நீண்ட கட்டுரையொன்றை வரைந்தார். சாட்லியரின் கட்டுரை வெளிவந்த அதே 1927இல் அதுவும் வெளிவந்தது. புலமையாளர் ஒருவர் பழைய பட்டியலைத் தேடிய ஆண்டில், வாசகர் ஒருவர் தம் நண்பர்க்காகப் புதிய பட்டியலை ஆக்கினார். அவ்விலக்கிய வகையை ஆராய்வோர் இன்று இரண்டையும் ஒருங்கே மேற்கொள்கின்றனர்.

6

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. அச்சக்கதையின் சுவை கேட்போரை வேண்டி நிற்பது. ஆதலின் வாசகர் தம்முள் உரையாடுவது அதன் உறுப்பாகும் என்பது ஒன்று. ‘நார்த்தாங்கர் ஆபி’ எள்ளுவது படிப்போரையன்று, படியாது பேசுவோரையும் படித்ததை மறைப்போரையுமே என்பது மற்றொன்று. வாசகர் பட்டியல் இலக்கிய வரலாற்றுக்குச் சான்றாவணமாகத் தக்கது என்பது மூன்றாவது.

எல்லா வாசகப் பேச்சும் திறனாய்வாகிவிடும் என யாம் கூறவில்லை. இசபெல்லாவின் பேச்சு அவ்வாறு ஆகாமையை மேலே கண்டோம். ஆயினும் அப்பேச்சினுள்ளும் மிஸ் ஆண்ட்ரூஸ் போன்ற முகமறியா வாசகர் ஒருவரின் உழைப்பு மறைந்திருத்தல் கூடும். தமிழில் வார இதழ்த் தொடர்கதைகளையும் பேய்க்கதைகளையும் ஆராயப் புகும் மாணவர் கதைப்பகுதியோடு நின்றுவிடாது, அதே இதழின் வாசகர் கடிதங்களையும் புரட்டுவாராக. வாடகை நூல்நிலையத்துப் படியின் ஓரத்தில் முன்பு படித்தவர் பென்சிலால் இட்ட குறிப்பு இருப்பின் அதனையும் படியெடுத்துக் கொள்வாராக. எக்கதை எவரை நடுக்கியது என்பதற்கு வேறு சான்று நமக்குக் கிட்டுதல் அரிது.